ஒரு மாணவருக்குப் புற்றுநோய்: பள்ளி சேர்ந்து நிதி திரட்ட முழுமையான வழிகாட்டி (கடலூர், புதுச்சேரிப் பள்ளிகளுக்கு)

காலை வழிபாட்டில் சேதி சொன்னதும் மறுநாளே உண்டியல் வகுப்பு வகுப்பாகச் சுற்றும். வாட்ஸ்அப்பில் கியூஆர் பறக்கும். பத்து நாளில் ஒரு தொகை சேரும், மாலை போடாத குறையாக அதைப் பெற்றோரிடம் கொடுத்துப் படமும் எடுப்பார்கள். எட்டாவது மாதம் அந்தக் குடும்பம் பஸ் காசுக்கு வட்டிக்குக் கடன் வாங்குவது பள்ளியில் யாருக்கும் தெரியாது.

பிள்ளைகளுக்கு அதிகம் வருவது ரத்தப் புற்றுநோய். அதிலும் லிம்போபிளாஸ்டிக் லுகீமியா என்ற வகைக்குச் சிகிச்சை சுமார் இரண்டிலிருந்து இரண்டரை ஆண்டு. முதல் சில மாதங்கள் கடுமையாக இருக்கும். அப்புறம் தினமும் வீட்டில் மாத்திரை, குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதனை என்று நீளும். ஆகவே திரட்டும் பணமும் அந்தக் காலத்துக்கு ஏற்றபடி பிரிந்து போய்ச் சேர வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழிதான்.

முதல் வாரம்: உண்டியலைத் தொடாதீர்கள்

முதலில் இரண்டு பேர் மட்டும் வீட்டுக்குப் போங்கள். வகுப்பாசிரியர் ஒருவர், அந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே பழக்கமான ஒருவர், அவ்வளவு போதும். கூட்டமாகப் போனால் அவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள், மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார்கள்.

கேட்க வேண்டியவை நான்கு. பணம் திரட்டச் சம்மதமா? பிள்ளையின் பெயர், படம் இவற்றில் எதை வெளியே சொல்லலாம்? எந்த ஆஸ்பத்திரி, அடுத்த தேதி என்ன? நான்காவதுதான் பலர் மறப்பது: நோயைப் பற்றிப் பிள்ளையிடம் வீட்டில் என்ன சொல்லியிருக்கிறார்கள்? "ரத்தத்துல கொஞ்சம் கோளாறு" என்று மட்டும் சொல்லி வைத்திருப்பார்கள். பள்ளி வாசலில் தொங்கும் பேனரில் தன் படத்துக்குக் கீழே "புற்றுநோய்" என்று பிள்ளை தானே படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது.

சம்மதத்தை ஒரு தாளில் எழுதி, தாய் தகப்பன் இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். "எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம்" என்ற வரியும் அதில் இருக்கட்டும். படம் போட்டே ஆக வேண்டுமென்றால் நோய்க்கு முந்தைய படத்தைப் போடுங்கள். முடி கொட்டிய தலையும் மூக்கில் குழாயுமாக எடுத்த படம் அதிகப் பணம் கொண்டுவரலாம். ஆனால் அந்தப் பிள்ளை திரும்பி இதே பள்ளிக்குத்தான் வரப் போகிறது, அந்தப் படம் யார் யார் போனிலோ கிடக்கும்.

உண்மையில் எவ்வளவு தேவை

தொகை முடிவு செய்யும் முன் அரசு கொடுப்பதைக் கழிக்க வேண்டும். இங்கேதான் நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. கடலூர், புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் ஆட்சி மாறும், திட்டமும் மாறும். கடலூர் முகவரிக் குடும்பம் கோரிமேடு ஜிப்மரில் சிகிச்சை பெறலாம், அது மத்திய அரசு நிறுவனம். ஆனால் புதுச்சேரி அரசு தன் மக்களுக்குத் தரும் மருத்துவ நிதி உதவியை அந்தக் குடும்பம் கேட்க முடியாது. புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்துப் பிள்ளை கடலூர்ப் பள்ளியில் படித்தால் இதே கதை தலைகீழாக நடக்கும். எந்த ஊரில் படிக்கிறார் என்பது கணக்கில் வராது. ரேஷன் அட்டை எந்தப் பக்கத்தது என்று முதலில் பாருங்கள்.

தமிழ்நாட்டு அட்டை என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை, ஆண்டு வருமான வரம்பு ரூ.1,20,000. ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பிரிவுக்குப் போக வேண்டும். அடிக்கடி இடிக்கும் இடம் ஒன்று உண்டு. சின்னப் பிள்ளையின் பெயரை ரேஷன் அட்டையில் சேர்த்தே இருக்க மாட்டார்கள், அல்லது ஆதாரில் ஒரு எழுத்து, அட்டையில் வேறு எழுத்து என்று இருக்கும். இதைச் சரிசெய்ய அலைவதுதான் குடும்பத்துக்கு மிகப் பெரிய சுமை. இந்த அலைச்சலைப் பள்ளியில் யாராவது ஒருவர் எடுத்துக்கொண்டால், அது பல ஆயிரம் ரூபாய் கொடுத்ததற்குச் சமம். காரியம் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம்.

புதுச்சேரிக் குடும்பமானால், அட்டை சிவப்பா மஞ்சளா என்பதிலிருந்து எல்லாம் தொடங்கும். சிவப்பு அட்டை வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு. சுகாதாரத் துறை வழியாகக் கிடைக்கும் மருத்துவ நிவாரணத்தையும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் அட்டையையும் விசாரியுங்கள்.

எந்த ஆஸ்பத்திரியானாலும் முதல் நாளே போய்ப் பார்க்க வேண்டியவர் மருத்துவ சமூகப் பணியாளர். எந்தத் திட்டம் அங்கே செல்லும், எந்தக் கவுன்ட்டரில் கேட்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். பிரதமர் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிக்க ஆஸ்பத்திரி தரும் செலவு மதிப்பீட்டுச் சான்று வேண்டும். செலவு செய்து முடித்தபின் ஓடுவதைவிட, சிகிச்சை தொடங்கும்போதே மதிப்பீட்டை எழுதி வாங்கிவிடுங்கள்.

சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகும் குடும்பங்களுக்கு ரயில் சலுகை உண்டு. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணத் தள்ளுபடி, உடன் போகும் ஒருவருக்கு அவற்றில் 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் கையெழுத்தான சலுகைப் படிவத்தைக் கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டும்.

இதெல்லாம் கிடைத்தாலும் மருந்துக்கும் படுக்கைக்கும்தான் ஆகும். கைக்காசு கரைவது வேறு இடங்களில்: கூலி இழப்பு, பயணம், வெளியே எடுக்கச் சொல்லும் பரிசோதனை, உடனிருப்பவர் சாப்பாடு. கூலி வேலைக் குடும்பம் ஒன்றுக்கு, இலவசச் சிகிச்சை கிடைக்கிறது என்று வைத்து ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். உங்கள் ஊர் விலையை நிரப்பிக்கொள்ளுங்கள்.

முதல் 8 மாதம், மாதம் ஒன்றுக்கு: இருவர் போய்வர ரூ.400 வீதம் 8 முறை 3,200. தங்கும் 15 நாள் சாப்பாடு நாளுக்கு ரூ.200 வீதம் 3,000. வெளிப் பரிசோதனை, மருந்து 4,000. ஒருவர் கூலி இழப்பு 15 நாள், நாளுக்கு ரூ.500 வீதம் 7,500. முட்டை, பால், தண்ணீர் கொதிக்கவைக்கும் கேஸ் 1,500. மொத்தம் 19,200. எட்டு மாதத்துக்கு 1,53,600.

அடுத்த 20 மாதம், மாதம் ஒன்றுக்கு: பயணம் 800, வெளிச் செலவு 1,500, கூலி இழப்பு 1,500, சாப்பாடு 700, ஆக 4,500. இருபது மாதத்துக்கு 90,000.

இரண்டையும் கூட்டினால் 2,43,600. திடீர்க் காய்ச்சல், கூடுதல் நாள் படுக்கை என்று 15 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய ரூ.2,80,000. "பத்து லட்சம் தேவை" என்று வெறுமனே அறிவிப்பதைவிட, இந்தக் கணக்கைத் தாளில் காட்டிக் கேட்டால் கொடுப்பவருக்கு நம்பிக்கை வரும், பிள்ளையின் குடும்பத்துக்கும் கூச்சம் குறையும். எலும்பு மஜ்ஜை மாற்று, தனியார் ஆஸ்பத்திரி என்றால் தொகை வேறு, மதிப்பீட்டுச் சான்றை வைத்துத் தனியாகப் போடுங்கள்.

குழுவும் அனுமதியும்

ஐந்து பேர் போதும்: ஓர் ஆசிரியர், பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து இருவர், ஒரு பழைய மாணவர், வங்கியிலோ கணக்கு வேலையிலோ இருப்பவர் ஒருவர். பிள்ளையின் நெருங்கிய உறவினர் குழுவில் வேண்டாம். நல்லவராக இருந்தாலும் வீண் பேச்சு அவர் தலையில்தான் விழும்.

அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் மாணவரிடம் பணம் வாங்குவது தலைமையாசிரியரை மாட்டிவிடும் விஷயம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் எழுதி, கடலூரில் முதன்மைக் கல்வி அலுவலரிடமும் புதுச்சேரியில் பள்ளிக் கல்வித் துறையிடமும் எழுத்தில் அனுமதி பெற்றபின் தொடங்குங்கள். வாய்மொழியாகச் சொன்ன "பண்ணுங்க சார்" புகார் வந்த அன்று உதவாது.

கணக்கு: பணம் எங்கே விழ வேண்டும்

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். அவசரத்தில் பிள்ளையின் அம்மா வங்கிக் கணக்கு எண்ணையே பரப்பிவிடுவார்கள். முழு ஆவணம் கொடுக்காமல் திறந்த "சிறு கணக்கு" அது என்றால், நிதியாண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது, இருப்பு ரூ.50,000 தாண்டக் கூடாது, மாதம் ரூ.10,000-க்கு மேல் எடுக்க முடியாது. பணம் குவியும் வாரத்திலேயே கணக்கு முடங்கும். ஆகவே வங்கிக்குப் போய் கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணச் சரிபார்ப்பு) முழுமையாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மற்றதைச் செய்யுங்கள்.

இன்னொரு ஆபத்து: முன்பின் தெரியாத நூறு பேரிடமிருந்து வரும் பணத்தில் ஒன்று சைபர் மோசடிப் பணமாக இருந்தால் போலீஸ் கேட்டு வங்கி அந்தக் கணக்கை நிறுத்திவைக்கலாம். குடும்பத்தின் ஒரே கணக்கு அதுவானால் அரிசி வாங்கக்கூட வழி இருக்காது. அதனால் நன்கொடைக்குத் தனிக் கணக்கு, குடும்பச் செலவுக்குத் தனிக் கணக்கு.

நன்கொடைக் கணக்கைக் குழுவில் இருவர் பெயரில், இருவரும் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற முறையில் திறங்கள். அந்த முறைக் கணக்குக்கு யூபிஐ பெரும்பாலும் கிடைக்காது. வரவுக்கு வழி என்ன என்று கிளை மேலாளரிடம் கேட்டுவிட்டுத்தான் போஸ்டர் அடிக்க வேண்டும். சிலர் வசதிக்காக ஓர் ஆசிரியரின் கூகுள்பே எண்ணைப் போடுவார்கள். அவர் சம்பளமும் நன்கொடையும் கலந்துவிட்டால் கணக்குக் காட்டவே முடியாது.

வருமான வரியையும் பார்க்க வேண்டும். உறவினர் அல்லாதவரிடமிருந்து ஒருவர் ஒரே ஆண்டில் பெறும் பணம் ரூ.50,000-ஐத் தாண்டினால் அந்த முழுத் தொகையும் அவர் வருமானமாகக் கணக்கிடப்படும். குழு உறுப்பினர் பெயரில் லட்சக்கணக்கில் விழுந்தால் நோட்டீஸ் அவருக்குத்தான் வரும். பெரிய தொகையை எதிர்பார்த்தால், ஏற்கெனவே பதிவாகியுள்ள ஒரு தொண்டு அறக்கட்டளை வழியாகப் போவது நல்லது, அதற்கு 80ஜி (நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை) அங்கீகாரம் இருந்து, கொடுப்பவர் பழைய வரி முறையில் இருந்தால் அவருக்கு வரிச் சலுகையும் கிடைக்கும். தனி ஆளுக்குக் கொடுத்தால் 80ஜி கிடையாது. ரொக்கமாக ரூ.2,000-க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது. ஓர் ஆடிட்டரிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள். இதற்குப் பலர் பீஸ் கேட்க மாட்டார்கள்.

புதுச்சேரிக்கு மட்டும் ஒரு சங்கதி. பல வீடுகளில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள சொந்தம் உண்டு. பாரிசிலிருந்து சித்தப்பா யூரோ அனுப்புகிறேன் என்பார். வெளிநாட்டுக் குடிமகன் தரும் பணம் பள்ளிக்கோ அறக்கட்டளைக்கோ வந்தால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும், அந்தச் சட்டப்படியான எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாமல் வாங்கக் கூடாது. பிள்ளையின் உறவினர் என்றால் அவர் நேராகக் குடும்பத்துக்கே அனுப்பட்டும். இந்தியக் கடவுச்சீட்டுடன் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை.

இணையத்தில் நிதி திரட்டும் தளங்களை நாடினால், பணத்தை நேராக ஆஸ்பத்திரிக்கு மாற்றும் வசதி இருக்கிறதா, எவ்வளவு பிடிப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். பயணம், கூலி இழப்புக்கு அந்தப் பணம் உதவாது, அதற்குப் பள்ளி நிதிதான்.

வசூல்

குலுக்கல் சீட்டு மட்டும் வேண்டாம். "பத்து ரூபாய் டிக்கெட், முதல் பரிசு மிக்ஸி" என்பது நல்ல எண்ணத்தில் செய்தாலும் லாட்டரிதான். தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரிக்குத் தடை.

உறை முறை எளிது. ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு வெற்று உறை கொடுங்கள், பெயர் எழுத வேண்டாம். பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒட்டி, குறிப்பிட்ட நாளில் பெட்டியில் போட வேண்டும். காலி உறையும் அதே மாதிரி விழுவதால் யார் கொடுத்தார், கொடுக்கவில்லை என்பது யாருக்கும் தெரியாது. எந்த வகுப்பு அதிகம் என்று கரும்பலகையில் எழுதாதீர்கள். ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள வகுப்பு எப்போதும் கடைசியில் நிற்கும்.

எண்ணும்போது மூவர் இருக்கட்டும். 500, 200, 100 என்று நோட்டுவாரியாகத் தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும். மறுநாளே வங்கியில் கட்டுங்கள். சில்லறை மூட்டையை வங்கியில் கொடுத்து நிற்பதைவிட, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடைகளில் நோட்டாக மாற்றிக்கொள்ளலாம். சில்லறைக்கு அலைபவர்கள் அவர்கள்தான்.

ஆனால் நிதியின் முதுகெலும்பு மாதச் சந்தா. 50 பேர் மாதம் ரூ.100 கொடுத்தால் 28 மாதத்தில் 1,40,000, அதாவது தேவையில் சரிபாதி. ஒருமுறை ஐயாயிரம் கொடுக்கத் தயங்குபவர்கூட நூறு ரூபாய்க்கு யோசிக்க மாட்டார். வங்கி ஆப்பில் மாதம் 5-ஆம் தேதி தானாகப் போகும்படி அவர்கள் எதிரிலேயே அமைத்துக் கொடுத்துவிடுங்கள். "நானே போட்டுடறேன்" என்பவர் மூன்றாம் மாதம் மறப்பார். 50 பேர் வேண்டுமென்றால் 65 பேரைச் சேருங்கள். மீதிக்கு: 700 குடும்பம், சராசரி ரூ.60 என்றால் உறையில் 42,000. பழைய மாணவரிடம் 40,000. ஒரு நிகழ்ச்சியில் 35,000. இதுவரை 2,57,000. குறையும் 23,000-க்கு ஊரில் உள்ள அரிமா, ரோட்டரி சங்கங்களை அணுகலாம்.

நிகழ்ச்சி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்தவெளியில் எதுவும் வைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 தானே புயல், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் என்று நம் கடற்கரை வாங்கிய அடி போதும். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானமோ புதுச்சேரிக் கடற்கரைச் சாலையோ, முன் அனுமதியும் போலீசுக்குக் கடிதமும் வேண்டும். பெரிய கலைநிகழ்ச்சியில் மைக் செட், பந்தல் வாடகையே வசூலைச் சாப்பிட்டுவிடும். பண்ருட்டி முந்திரியை மொத்த விலைக்கு வாங்கி 100 கிராம் பொட்டலமாக முன்கூட்டி ஆர்டர் எடுத்து விற்பது மேல். ஆர்டர் வந்த அளவுக்கு மட்டும் வாங்கினால் மீதி தேங்காது. வீட்டில் சமைத்த பிரியாணி, சிக்கன் வேண்டாம். மே மாத வெயிலில் யாருக்காவது வயிற்றைப் புரட்டினால் மொத்த முயற்சியும் அதோடு போச்சு.

செய்தி இப்படி இருக்கலாம்: "வணக்கம். நம் பள்ளி 6-ஆம் வகுப்பு மாணவர் ஒருவர் புற்றுநோய்க்கு நீண்ட நாள் சிகிச்சை பெறுகிறார். மருத்துவச் செலவில் பெரும்பகுதியை அரசுத் திட்டம் ஏற்கிறது. பயணம், பரிசோதனை, பெற்றோரின் வேலை இழப்புக்காக 28 மாதத்துக்கு ரூ.2,80,000 தேவை. மாதம் ரூ.100 தர முடியுமா? கணக்கு விவரம் பள்ளி அலுவலகத்தில் மட்டும் கிடைக்கும்." கடைசி வரிக்குக் காரணம் உண்டு. கியூஆரைப் பரப்பினால் அதே போஸ்டரில் தன் கியூஆரை ஒட்டிப் பரப்புபவர்களும் இருக்கிறார்கள். அப்படி நடந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் புகார் சொல்லிவிட்டு, எல்லாக் குழுவிலும் எச்சரிக்கை போடுங்கள்.

ரத்தமும் அம்மையும்

கீமோ (புற்றுநோய் மருந்து) ஏற்றும் நாட்களில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும், ஏற்ற வேண்டிவரும். தட்டணுக்களை 5 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். உணர்ச்சிவசப்பட்டு ஒரே நாளில் 40 பேரைக் கூட்டிக்கொண்டு போனால், மூன்று வாரம் கழித்துத் தேவைப்படும்போது யாருமே தகுதியாக இருக்க மாட்டார்கள். ஆண் ஒருமுறை முழு ரத்தம் கொடுத்தால் அடுத்து 3 மாதம், பெண் 4 மாதம் காத்திருக்க வேண்டும். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. மாணவர்கள் சேர மாட்டார்கள். ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவரைக் கொண்டு பட்டியல் போட்டு, ரத்த வங்கி கேட்கும்போது ஐந்து ஐந்து பேராக அனுப்புங்கள். எலும்பு மஜ்ஜை மாற்றுப் பேச்சு இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் பெற்றோரும் உடன்பிறந்தோரும் ரத்தம் கொடுக்க வேண்டாம்.

பிள்ளை இடையிடையே பள்ளிக்கு வரலாம். வகுப்பில் முதலில் சொல்ல வேண்டியது, இது தொற்றாது என்பது. மற்றவர்களிடமிருந்து அந்தப் பிள்ளைக்குத்தான் தொற்றும். மிக ஆபத்தானவை சின்னம்மை, மணல்வாரி அம்மை. நம் வீடுகளில் "அம்மா வந்திருக்கா" என்று வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியில் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கு "காய்ச்சல்" என்று லீவு லெட்டர் வரும். ஆகவே அந்த வகுப்புப் பெற்றோர் எல்லாரிடமும் பேசுங்கள்: வீட்டில் யாருக்கு அம்மை போட்டாலும் அன்றே வகுப்பாசிரியருக்கு ஒரு போன். அவர் அன்றே பிள்ளையின் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். தடுப்பு மருந்தை முதல் சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் பயன். பள்ளியில் பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தால் பாராசிட்டமால் கொடுத்து உட்காரவைக்காதீர்கள், உடனே பெற்றோரை வரச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

கொடுப்பதும் முடிப்பதும்

மேடையில் காசோலை கொடுப்பதை விட்டுவிடுங்கள். மாதம் 1-ஆம் தேதி குடும்பச் செலவுக் கணக்குக்கு அந்த மாதத் தொகை போகட்டும். ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டியதைக் குழுவே நேராகக் கட்டி ரசீது வாங்கலாம். பஸ் டிக்கெட்டுக்கும் இட்லிக்கும் பில் கேட்டு அந்தத் தாயை நிற்கவைக்காதீர்கள். ரூ.2,000-க்கு மேற்பட்ட பரிசோதனை, மருந்துக்கு மட்டும் பில் போதும். அவசரத்துக்கு ரூ.10,000 எப்போதும் உடனே எடுக்கிற மாதிரி இருக்கட்டும். கையெழுத்திடும் இருவரில் ஒருவர் ஊரில் இல்லாத ராத்திரியில்தான் காய்ச்சல் வரும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு, செலவு, இருப்பு என்று மூன்றே வரியில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பிள்ளையின் உடல்நிலை அதில் வேண்டாம்.

முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டியது இன்னும் ஒன்று: பணம் மீந்தால் என்ன? சிகிச்சை வேறு ஊருக்கு மாறினால் பணம் பிள்ளையோடு போகும். பிள்ளை இறந்துவிட்டால், சிகிச்சைக்காக வாங்கிய கடன் முதலில் அடைபடும். எழுதவே கை வராத வரி இது. ஆனால் அன்று எழுதாமல் விட்டால், துக்க வீட்டு வாசலில் நின்று குழு தனக்குள் வாதாட நேரிடும். மீதி அதே ஆஸ்பத்திரியின் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் உள்ள இன்னொரு நோயாளிக்குச் சமூகப் பணியாளர் வழியாகப் போகலாம், அல்லது பள்ளியின் அடுத்த தேவைக்கு இருக்கலாம். எதுவென்று தீர்மானத்தில் தெளிவாக எழுதி, பிரதியைப் பெற்றோரிடமும் தலைமையாசிரியரிடமும் கொடுத்துவிட்டு முதல் உறையை அச்சடிக்கக் கொடுங்கள்.